ஜன்னலோர சீட்டுக்குப் போகிற தடம்

கள்ளிமேட்டுப்புதூரில் தடங்கள் முளைத்தது ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வேறு ஊராக இருந்திருந்தால் டி.வி.க்காரர்கள் வந்திருப்பார்கள், அவர்கள் பின்னாலேயே ஒரு சாமியார் வந்திருப்பார், சாமியார் பின்னாலேயே ஓர் உண்டியல் வந்திருக்கும். இந்த ஊர்க்காரர்கள் காங்கேயத்து வெயிலில் காய்ந்து காய்ந்து எதற்கும் வாய் பிளக்காத பழக்கத்துக்கு வந்துவிட்டவர்கள். வாசலில் புதிதாக ஒரு தடம் கிடப்பதைப் பார்த்தார்கள், அதன் மேல் கிடந்த செருப்பை ஒதுக்கி வைத்தார்கள், பல் துலக்கப் போனார்கள்.

விஷயம் இவ்வளவுதான். யார் எந்த வெப்சைட்டை நாள் தவறாமல் திறக்கிறார்களோ, அவர்கள் உட்கார்ந்து திறக்கிற இடத்திலிருந்து ஒரு ஒற்றையடித் தடம் கிளம்பி, வீட்டுத் தரையில் மினுமினுவென்று தேய்ந்து, வாசற்படி தாண்டி, கிளுவை வேலிகளுக்கு நடுவே நுழைந்து, ஊருக்குத் தெற்கே இருக்கிற மேய்ச்சல் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே சைட்டைப் பார்க்கிறவர்களின் தடங்கள் அங்கே ஓரிடத்தில் கூடின. ஒருநாள் திறக்காவிட்டால் புல் தலைகாட்டும், ஒரு வாரம் திறக்காவிட்டால் நெருஞ்சி பூக்கும். தடத்தில் காலடிகளும் தெரிந்தன, போன காலடி, திரும்பி வந்த காலடி, எல்லாம் அவரவர் பாத அளவில், பித்தவெடிப்பு உட்பட.

முதல் வாரம் பஞ்சாயத்துத் தலைவர் கூட்டம் போட்டு, இது ரோட்டில் சேர்த்தியா வாய்க்காலில் சேர்த்தியா என்று கேட்டார். வரைபடத்தை விரித்துப் பார்த்த அதிகாரி, இதெல்லாம் படத்தில் இல்லை, ஆகவே தரையிலும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் வாரம் ஆடுகள் பழகிக்கொண்டன. மூன்றாம் வாரம், தங்கம் விலை பார்க்கிற பெண்களின் தடங்கள் ஒன்றாகச் சேர்ந்து மாட்டுவண்டி அகலத்துக்கு விரிந்திருந்த இடத்தில் ரங்கான் டீக்கடை போட்டான். ராசிபலன் தடம் நேராகப் போகாமல் ராகு காலத்துக்கு ஒதுங்குகிற மாதிரி அங்கங்கே வளைந்து போனது. மழை வருமா என்று பார்க்கிற சைட்டின் தடம் வெயிலடித்தாலும் ஈரமாகவே இருந்ததால் எருமைகள் அதைவிட்டு எழ மறுத்தன. சினிமா விமர்சனம் படிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் தினமும் ஒரு கைகலப்பு நடந்தது, கைகலப்பைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கடலை விற்க ஓர் ஆள் வந்தான். நாற்பது வருஷமாகக் கறுப்புச் சட்டை போட்டு, சொந்த மகளின் ஜாதகத்தையே கிழித்து அடுப்பில் போட்ட இளஞ்சேரன் வாத்தியார் வீட்டு வாசலிலிருந்து ராசிபலனுக்கு ஒரு தடம் போனது, அதுவும் சிம்ம ராசிக்கென்று தனியாகப் பிரிந்து போனது. எதிரி என்ன சொல்கிறான் என்று தெரிந்தால்தானே எதிர்க்க முடியும் என்றார் அவர். சரிதான் என்று ஊரும் விட்டுவிட்டது, ஏனென்றால் அவரவர் வாசலிலும் ஒன்றிரண்டு தடங்கள் விளக்கம் சொல்ல முடியாமல் கிடந்தன.

பொங்கலுக்குள் அது சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் வாசலில் நின்று குனிந்து தடம் பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு உள்ளே வந்தார்கள். ஒரே ஒரு தடம், அதுவும் கிரிக்கெட்டுக்கு என்றால் யோசித்தார்கள். தடமே இல்லாமல் சுத்தமாகப் பெருக்கியிருந்தால் யோசிக்காமலே திரும்பிப் போனார்கள். இதற்குப் பயந்து சில வீடுகளில் பையன்களை உட்காரவைத்துத் தேவாரம் இருக்கிற சைட்டைத் திறக்கச் சொன்னார்கள். வேண்டாவெறுப்பாகத் திறந்த அந்தத் தடங்கள் கோழி நடக்கிற அகலத்துக்குமேல் விரியவில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர்தானே, பழக்கம் எங்கே இழுக்கிறதோ அங்கேதான் தடம் போகும்.

லைன்மேன் சென்னியப்பனுக்கு இதிலெல்லாம் பயப்பட ஒன்றுமில்லை. அவர் வீட்டு முன்வாசலிலிருந்து அவருடைய தடம் ஒன்றே ஒன்று நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது, நாளை எங்கெங்கே மின்தடை என்று போடுகிற பக்கத்துக்கு. நாளைக்கு எந்த ஊரில் கரண்ட் போகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் நிறுத்தப்போவதே அவர்தான். இருந்தாலும் தினமும் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் திறந்து, "கள்ளிமேட்டுப்புதூர் மற்றும் சுற்றுவட்டாரம்" என்று அச்சில் வந்திருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு மனசு நிறையும். தான் செய்யப்போவதை ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு மனுஷனுக்குச் சின்ன சந்தோஷம் இல்லை.

அவர் மனைவி துளசிமணி வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். அவளுடைய தடத்தை சென்னியப்பன் இரண்டு மாதம் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அது பின்வாசல் வழியாகப் போனது. கவனிக்க வைத்தவள் பக்கத்து வீட்டு சரோஜினியக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கத்தரிச்செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் சொன்னாள்.

"ஏந்தம்பி, உன்ற ஊட்டுத் தடம் ஒண்ணு மேக்க போகுதே, பாத்தியா? போன காலு இருக்குது. வந்த காலக் காணமே."

சென்னியப்பன் போய்ப் பார்த்தார். கிரைண்டர் பக்கத்துப் பலகையிலிருந்து கிளம்பிய தடம், ஊரில் எந்தத் தடத்தையும்விட ஆழமாக, கணுக்கால் புதைகிற ஆழத்துக்கு, சமையலறைச் சிமெண்டைப் பிளந்துகொண்டு பின்வாசலைத் தாண்டியது. ஊரெல்லாம் தெற்கே போக, அது மட்டும் மேற்கே திரும்பி, காட்டைக் கடந்து, வானம் தெளிந்த நாளில் நீலமாக ஒரு கோடு தெரியுமே, அந்த மலை இருக்கிற திசைக்குப் போனது. துளசிமணியின் சின்னச் சின்னப் பாதங்கள், எல்லாம் மேற்கே பார்த்தபடி, ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பாமல், வரிசையாக.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பேச்சு என்றும் பெரிதாக ஒன்றும் கிடையாது. சாப்பாடு போடட்டுங்களா, போடு. மகள் பேசினாளா, பேசினாள். இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. இவள் என்னை விட்டுப் போகப் போகிறாள் என்று சென்னியப்பன் நினைத்தார். பதினோராயிரம் வோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் காக்காயோடு சமமாக உட்கார்ந்து வேலை செய்கிற ஆள், பெண்டாட்டியிடம் எங்கே போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கப் பயந்தார். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே என்றுதான் பயம்.

கேட்பதற்குப் பதிலாக அவர் தன் கைக்கு வந்ததைச் செய்தார். மத்தியானம் இரண்டு இருபதுக்கு, கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு அது ஓடுகிற நேரத்தில்தான் துளசிமணி போனைத் திறக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, மறுநாள் இரண்டு பத்தொன்பதுக்கு டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். கரண்ட் இல்லாவிட்டால் போனும் ஓடாது என்று அந்தக் கலக்கத்தில் நினைத்திருக்கிறார், முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷன். போன் பாட்டுக்கு ஓடியது. நின்றது கிரைண்டர்தான். ஒரு வாரம் இப்படிப் பாதியில் நின்ற மாவில் ஊர் முழுக்க இட்லி கல்லாக வந்தது, மின்தடைப் பக்கத்தில் சொல்லாத மின்தடை எப்படி வரலாம் என்று ஜனங்கள் அவர் வாசலுக்கே வந்து கேட்டார்கள், அத்தனைக்கும் நடுவே துளசிமணியின் தடம் இன்னும் ஓர் அங்குலம் ஆழமாகியிருந்தது. தான் உயிராக மதிக்கிற பக்கத்தைத் தானே பொய்யாக்கிவிட்டோமே என்ற வெட்கத்தில் சென்னியப்பன் ஃபியூஸைத் திரும்ப மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், துளசிமணி அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பின்வாசல் வழியாக இறங்கி அந்தத் தடத்திலேயே நடந்தார். முடிவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்ற தீர்மானம். ஊர் எல்லை வரைக்கும் தடம் நேராகத்தான் போனது. அப்புறம் ஒரு காரணமும் இல்லாமல், மேடு இல்லை பள்ளம் இல்லை, மேற்குப் பக்கத்துத் தட்டையான மேய்ச்சல் காட்டின் நடுவில், தடம் சுருட்டிக்கொண்டு திரும்பியது. கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு. கொஞ்சதூரம் போனதும் இன்னொரு வளைவு. சென்னியப்பனுக்குத் தலை கிறுகிறுத்தது, நாக்கில் புளித்த நீர் ஊறியது. மூன்றாவது வளைவில் கால் வைத்தபோது அவரால் முடியவில்லை. ஒரு வெள்வேல மரத்தைப் பிடித்துக்கொண்டு, சமதரையில் நின்றபடி, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தார்.

எடுத்து முடித்து வாயைத் துடைக்கும்போது அவருக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான ஒன்பதாம் நாள், புதுப்பெண்டாட்டியோடு ஊட்டிக்குக் கிளம்பியது. துளசிமணி பச்சைச் சேலையில், ஜன்னலோரத்தில், முகத்தில் காற்றடிக்க உட்கார்ந்திருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவருக்கு வயிற்றைப் பிரட்டியது. மொத்தம் பதினாலு வளைவு. மூன்றாவதிலேயே அவர் நிறுத்து நிறுத்து என்று கூப்பாடு போட்டு பஸ்ஸை நிறுத்தி இறங்கி, கீழே போகிற ஒரு காய்கறி லாரியில் இரண்டு பேரும் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பரவாயில்லீங்க, இன்னொரு நாளைக்குப் போலாமுங்க என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். அந்த இன்னொரு நாளை அவர் மறந்தே போனார். அவள் மறக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது வளைவுக்கு அப்பாலும் அவளுடைய பாதங்கள் தடுமாறாமல், அவருக்காக நிற்காமல், மேற்கே போய்க்கொண்டிருந்தன. சென்னியப்பன் அந்த மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதார். போகட்டும், அவள் போகவேண்டியவள்தான் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். மறுநிமிஷம் அவருக்கு அது சம்மதமாக இல்லை.

திங்கட்கிழமை இரண்டு இருபதுக்கு அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்த போனில், பஸ் டிக்கெட் எடுக்கிற சைட்டு. மகளுக்குச் சென்னைக்கு டிக்கெட் போடப் பழகிக்கொண்டது. காலை ஆறே முக்கால் ஊட்டி பஸ், கட்டம் கட்டமாக சீட்டுகள். துளசிமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏழாம் நம்பரைத் தொட்டாள். ஜன்னலோரம். வெள்ளையாக இருந்த கட்டம் பச்சையானது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை சென்னியப்பன் பார்த்தார். பெயரெல்லாம் நிரப்பிப் பணம் கட்டுகிற பக்கம் வரைக்கும் போனாள், அங்கே நிறுத்தினாள், போனை அப்படியே வைத்துவிட்டு உளுந்தைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். அவ்வளவுதான் அவள் பழக்கம். மூன்று வருஷமாகத் தினமும் இதுதான். அவள் ஒளித்து வைத்ததும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

சென்னியப்பன் முன்பக்கம் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் அதே சைட்டை, அதே பஸ்ஸைத் திறந்தார். ஏழாம் நம்பர் யாரோ பிடித்துவிட்டதாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பிடித்தவள் பத்தடி தள்ளி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். பணம் கட்டாத சீட்டைப் பத்து நிமிஷம்தான் வைத்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிஷமும் அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தார். இரண்டு முப்பத்தைந்துக்கு அது மறுபடியும் வெள்ளையானது. அப்பாடா என்றார். அடுத்த நாளும் பார்த்தார், அதற்கடுத்த நாளும் பார்த்தார், தினமும் அவள் போய்விடுவாளோ என்று பத்து நிமிஷம் செத்து, அவள் போகவில்லை என்று பிழைத்து வந்தார். மின்தடைப் பக்கத்தைத் திறக்க மறந்து அதன் தடத்தில் நெருஞ்சி பூத்தது. ஒன்பதாம் நாள், ஏன் என்று அவருக்கே தெரியாது, விரல் பாட்டுக்குப் போய் எட்டாம் நம்பரைத் தொட்டது. அவரும் பணம் கட்டுகிற பக்கம் வரைக்கும் போய், நின்றுகொண்டார்.

நாலைந்து நாள் கழித்து சரோஜினியக்காவிடம் வேலியோரம் துளசிமணி குறைப்பட்டுக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. எவனோ ஒருத்தன் தினமும் நான் சீட்டுப் பிடிக்கிற நேரம் பார்த்து எனக்குப் பக்கத்துச் சீட்டைப் பிடிக்கிறான், சரியாகப் பத்து நிமிஷம் கழித்து விட்டுவிட்டுப் போகிறான், என்ன எண்ணமோ தெரியவில்லை என்றாள். அக்காவிடம் சொன்னால் போதாதா, ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சாயங்காலத்துக்குள் லைன்மேன் பெண்டாட்டியை எவனோ இன்டர்நெட்டில் பின்தொடர்கிறான் என்று தங்கவிலை டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. அவன் கையில் கிடைத்தால் கம்பத்தில் கட்டிவைத்து உரிக்கவேண்டும் என்று ரங்கான் சொன்னான், கம்பம் உங்களுடையது லைன்மேன், கட்டுவது நாங்கள் என்று கறுப்புச்சட்டை வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். சென்னியப்பன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, ஆமாம், உரிக்கத்தான் வேண்டும் என்றார்.

ஆனால் தடம் யாரை விட்டது? மாசி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, துளசிமணி கூடத்தைப் பெருக்கிக்கொண்டு வந்தவள் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினாள். நாற்காலிக்கு அடியிலிருந்து புதிதாக ஒரு தடம் கிளம்பியிருந்தது. முன்வாசலுக்குப் போகவேண்டியது, போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பி, சமையலறைக்குள் நுழைந்து, கிரைண்டரைச் சுற்றி, அவளுடைய தடத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி, அதோடு சேர்ந்து பின்வாசல் வழியாக மேற்கே போனது. வலது கட்டைவிரல் கம்பம் ஏறி ஏறிக் கோணிப்போன, பெரிய, தட்டையான பாதங்கள். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பின்வாசலுக்குப் போய், மேய்ச்சல் காட்டில் கண்ணுக்கு எட்டியவரைக்கும் இரண்டு தடமும் பக்கத்தில் பக்கத்தில் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே வந்து, மீதி வீட்டைப் பெருக்கி முடித்தாள்.

அன்றைக்கு இரண்டு இருபதுக்கு சென்னியப்பன் முன்பக்கம் உட்கார்ந்து பஸ்ஸைத் திறந்தபோது, ஏழும் சாம்பல் நிறம், எட்டும் சாம்பல் நிறம். அவருக்கு முன்னால் யாரோ எட்டைப் பிடித்துவிட்டார்கள். அப்போது சமையலறையிலிருந்து, கிரைண்டர் சத்தத்துக்கு மேலே, துளசிமணி குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, உங்குளுக்கு நாப்பத்தொம்போதா, அம்பதா?"

"எதுக்கு?"

"இதுல வயசு கேக்கறானுங்க."

"மாசி பதினாறு வந்தாத்தான் அம்பது" என்றார். பத்து நிமிஷம் ஆனது, பதினைந்து நிமிஷம் ஆனது, கிரைண்டர் நின்றது. அந்த இரண்டு கட்டமும் வெள்ளையாகவே இல்லை.

ஊரில் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கம்பத்தில் கட்டுவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சரோஜினியக்கா இஞ்சி மிட்டாய் கொண்டுவந்தாள். செய்தித்தாளை மடித்து அதன்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று ரங்கான் ஒரு கட்டுப் பேப்பர் கொண்டுவந்து வைத்தான். அப்படியெல்லாம் எந்த அறிவியலும் சொல்லவில்லை என்ற இளஞ்சேரன் வாத்தியார், கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, உங்களுக்கும் சிம்மம்தானே, சிம்மத்துக்கு அன்றைக்குப் பயணம் நல்லபடியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்புகிற நாள் காலை ஆறு மணிக்கு இருவரும் பையோடு வாசலில் நின்று, காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஊட்டி பஸ் பின்வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒற்றையடித் தடம் இரண்டாகி, பின்வாசலுக்கு வெளியே விலகி விரிந்து, பஸ் சக்கரம் இரண்டும் போகிற அகலத்துக்கு ஒரு வண்டித்தடமாக விழுந்திருந்ததை ஊரில் யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. டிரைவருக்கு அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. தடம் நன்றாக இருந்தது, இந்தப் பக்கமாகப் போனால் மேட்டுப்பாளையத்துக்குக் கொஞ்சம் கிட்டே என்று வந்தேன் என்றார். கண்டக்டர் ஏழு, எட்டு என்று பேப்பரில் டிக் அடித்தார். ஊர்ஜனம் வேலியோரம் நின்று கையசைத்தது.

சென்னியப்பன் செய்தித்தாளை விரித்தார், மடியில் பிளாஸ்டிக் கவர்களை அடுக்கினார், கையில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, வாந்தி வருகிறவன்தானே ஜன்னலோரம் உட்காரவேண்டும் என்ற நியாயத்தில் ஏழாம் நம்பரில் உட்காரப் போனார்.

"அது என்ற சீட்டுங்க" என்றாள் துளசிமணி.

அவர் நகர்ந்துகொண்டார். அவள் ஜன்னலைத் திறந்து வைத்து, முழங்கையை அதில் ஊன்றி உட்கார்ந்தாள். பஸ் மேய்ச்சல் காட்டைக் கடந்து, அவிநாசி கடந்து, மேட்டுப்பாளையம் கடந்து, பாக்குத் தோப்புகளைக் கடந்து, மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் அவர் எலுமிச்சையை மோந்தார். இரண்டாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டு பெண்டாட்டியின் கையைப் பிடித்தார். மூன்றாவது வளைவில் ஊரார் கொடுத்த எலுமிச்சை, இஞ்சி, செய்தித்தாள் எல்லாம் தோற்றுப்போய், கவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். துளசிமணி பார்வையை மலையிலிருந்து எடுக்காமல் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நிறுத்தட்டுங்களா என்று கேட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சென்னியப்பன் முகத்தைத் தூக்கி, கண்ணில் நீரோடு, போங்க, நிறுத்தாதீங்க, போங்க என்றார்.

அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளாகக் கேட்கப் பயந்த கேள்வியை, மூன்றாவது வளைவின் முனையில் வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"துளசி, நீ திரும்பி ஊட்டுக்கு வருவையல்லொ?"

துளசிமணி அப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தாள்.

"பாலுக்கு ஒறை ஊத்தி வெச்சுட்டு வந்திருக்கறனுங்க" என்றாள். "நாளைக்குப் போயி ஆரு திங்கறது?"

பஸ் நாலாவது வளைவில் திரும்பியது.